புதுக் கேமின் பழுதும் பொறுமையின் கெடுவும்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

புதிதாக வெளிவந்த ஒன்லைன் கேமில் பக் தென்பட்டால் ஆடுகிறவர் ஸபூர் செய்து பொறுக்க வேண்டுமா, கொம்பனியோடு சண்டைக்குப் போக வேண்டுமா என்ற வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. களம்: மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோரம். ஆதாரங்கள்: வாய்மொழி, உலகக் கேம் வரலாறு, ஷாபிஈ பிக்ஹு, ஒலுவில் துறைமுகம். முடிவு: பொறுமைக்கு ஒரு கெடு உண்டு. "எல்லாம் சரி, வாங்கலாம்" என்று சொல்லிக் காசு வாங்கிய நொடியில் அந்தக் கெடு முடிகிறது. அதன் பிறகும் ஆடிக்கொண்டே ஏசுகிறவரின் முறைப்பாடு செல்லாது.

1. இந்த ஆய்வு எதற்கு?

"இதுக்கெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். 2005 செப்டம்பரில் 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராப்ட்' கேமில் ஒரு பழுது வந்தது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் சண்டை போடுகிறவர்களுக்கு மட்டும் தொற்ற வேண்டிய கற்பனை நோய், அவர்களின் வளர்ப்புப் பிராணிகள் வழியாக நகரங்களுக்குள் கசிந்தது. பலம் குறைந்த ஆட்டக்காரர்கள் தெருத்தெருவாகச் சரிந்தார்கள். சிலர் ஊரை விட்டு ஓடினார்கள். சிலர் மற்றவர்களுக்கு மருந்து போட நின்றார்கள். சிலர் வேண்டுமென்றே நோயைச் சுமந்துகொண்டு சனக்கூட்டத்துக்குள் போனார்கள். 2007இல் 'லான்செட் இன்பெக்ஷியஸ் டிசீசஸ்' என்ற மருத்துவ ஆய்விதழ் இந்தப் பழுதை வைத்து ஒரு கட்டுரையே வெளியிட்டது. 2020இல் கொரோனா வந்ததும் உலகம் அந்தச் சம்பவத்தைத் தேடி எடுத்து மறுபடி பேசியது. மருத்துவ ஆய்விதழே எடுத்துக்கொண்ட விடயத்தை நாமும் ஆராய்ந்தால் குற்றமில்லை.

2. களமும் முறையும்

தகவலாளர்கள், இஷாத் தொழுகைக்குப் பின் மதில் மேலும் கடற்கரை மணலிலும் வரிசையாகக் குந்தியிருக்கும் பொடியன்மார். தலை குனிந்திருப்பார்கள், அது மரியாதையால் அல்ல. அவர்களைப் பேட்டி காண்பது எளிதல்ல. "பொறுங்க காக்கா, சோன் சுருங்குது" என்பதே பல வினாக்களுக்கும் கிடைத்த முழு விடை. அதை 'ஆம்' என்று பதிவதா 'இல்லை' என்று பதிவதா என்பது ஆய்வு முறையியலில் இன்னும் தீராத சிக்கல்.

கட்டுப்பாட்டுக் குழுவாக உம்மாமார் சேர்க்கப்பட்டனர். பெயருக்கேற்பக் கட்டுப்படுத்தவும் செய்தனர். அவர்களுடைய கருத்து ஒருமித்தது: "அந்தப் போன வெச்சிப்போட்டு வந்து சோத்தத் தின்னு மனே." ஒருமித்த கருத்தில் விவாதத்துக்கு இடமில்லை. எனவே அது பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்டது. பின்னிணைப்பு அச்சிடப்படவில்லை.

3. பழுதின் வகைகள்

அ. கதவடைப்பு. கேம் வந்துவிட்டது, உள்ளே போக முடியாது. இதன் உலகப் புகழ்பெற்ற சான்று 2012 மே 15இல் வெளியான 'டயப்ளோ 3'. காசு கொடுத்து வாங்கியவர்களை 'எரர் 37' என்ற ஒற்றை வரி வாசலிலேயே மறித்தது. தனியாக ஆடக்கூடிய கேமையும் சேர்வரைக் கேட்டுத்தான் திறக்க வேண்டும் என்று கட்டியிருந்ததால், ஒரு துணையும் வேண்டாமென்று தனியே ஆட வந்தவரும் நடுரோட்டில் நின்றார்.

ஆ. மண் விழுங்கல். பரசூட்டில் இறங்கியவர் கூரையையும் தரையையும் கடந்து பூமிக்கு அடியில் போய்விடுகிறார். அங்கிருந்து மேலே உள்ள எல்லோரையும் பார்க்கலாம். ஸலாம் சொல்லத்தான் வழியில்லை.

இ. காசு விழுங்கல். ரீலோடில் காசு வெட்டுப்பட்டுவிடும். கேமுக்குள் செலவழிக்கும் டயமண்ட் வராது. தகவலாளர்களின் குரல் உயர்ந்தது இந்த வகையைப் பற்றிப் பேசும்போது மட்டுமே.

ஈ. லாபப் பழுது. எதிரிக்கு நம்மைத் தெரியாது, நமக்கு எதிரி தெரியும். இந்த வகையைப் பற்றி முறைப்பாடு செய்தவர் எவரும் களத்தில் அகப்படவில்லை. "அது பக் இல்ல காக்கா, திறம" என்பது ஒரு தகவலாளரின் விளக்கம். சிரிப்பதற்கு முன் வரலாற்றையும் பார்க்க வேண்டும். 1997 ஓகஸ்டில் 'அல்டிமா ஒன்லைன்' சோதனை ஆட்டத்தில், அந்த உலகத்தையே படைத்த ரிச்சர்ட் கேரியட், 'லோர்ட் பிரிட்டிஷ்' என்ற அரசராக மக்கள் முன் தோன்றினார். சாகாவரத்துக்கான செட்டிங் அன்று போடப்படாமல் இருந்தது. ஒரு ஆட்டக்காரர் நெருப்பு மந்திரத்தை எறிந்தார், அரசர் மௌத்தானார். 1991இல் வந்த 'ஸ்ட்ரீட் பைட்டர் 2'வில், அடிக்கு மேல் அடியாகத் தொடுக்கும் கொம்போவும் தயாரிப்பாளர்கள் திட்டமிடாமல் வந்து சேர்ந்ததுதான். சோதனையில் கண்டுபிடித்தவர்கள் அதை விட்டுவைத்தார்கள். இன்று சண்டைக் கேம்களுக்கு அதுவே இலக்கணம். ஆகவே தகவலாளரின் கூற்றில் வரலாற்று நியாயம் உண்டு. நேர்மை உண்டா என்பது வேறு ஆய்வு.

4. குற்றவாளியை இனங்காணல்

மற்ற நாட்டு ஆய்வாளர்களுக்கு இல்லாத சிரமம் இது. கேம் நின்றால், வேறு தேசத்தில் கேமின் மீது குற்றம் சுமத்துவார்கள். இக்கரையோரத்தில் கேமின் முறை வருவதற்குள் நீண்ட சந்தேக வரிசை ஒன்றைக் கடக்க வேண்டும். மாரி மழை. வயரில் விழுந்த மட்டை. சூடேறிய போன். அதே ரவுட்டரில் கார்ட்டூன் பார்க்கும் தங்கச்சி. சாய்ந்தமருதில் பொடியன் சுட்ட குண்டு, கொழும்பு வரை தரைவழியே போய், கடலடிக் கேபிளில் இறங்கி, அயல்நாட்டுச் சேர்வரைத் தொட்டுத் திரும்பி வந்துதான் பக்கத்து மதிலில் இருக்கும் அவனுடைய மச்சானைக் கொல்ல வேண்டும். இத்தனை தூரம் ஓடிய குண்டு பிந்தினால் யாரைக் குறை சொல்வது?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். அந்த நாட்களில் எந்தக் கேமின் சேர்வரையும் யாரும் ஏசியதாகத் தகவலாளர்களுக்கு நினைவில்லை. ஏச வேண்டிய இடம் வேறாக இருந்தது. இதிலிருந்து ஒரு விதியைப் பெறலாம்: சுற்றியுள்ள ஏற்பாடுகள் எவ்வளவு பழுதாக இருக்கின்றனவோ, கேம் கொம்பனிக்கு அவ்வளவு பொறுமை இலவசமாகக் கிடைக்கிறது. நம்முடைய ஸபூரில் ஒரு பங்கு பெருந்தன்மை. மறு பங்கு, குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாத களைப்பு.

5. பொறுக்கச் சொல்வோர் தரப்பு

இவர்களுக்கு மூன்று வாதங்கள் உண்டு.

முதலாவது, புதுக் கேமில் பழுது தவிர்க்க முடியாதது. இதில் உண்மை இருக்கிறது. சோதனை அறையில் சில நூறு பேர் ஆடிய கேமை, வெளியான இரவில் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தட்டுகிறார்கள். கையில் இருக்கும் போன்களோ ஆயிரம் சாதி. அத்தனையையும் முன்கூட்டிச் சோதிக்க எவராலும் ஏலாது.

இரண்டாவது, பொறுத்தால் திருந்தும். இதற்கும் சான்று உண்டு. 2010 செப்டம்பரில் வந்த 'பைனல் பேன்டசி 14' மோசமாகச் சறுக்கியது. கொம்பனித் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், பொறுப்பாளரை மாற்றினார், மாதக் கட்டணத்தை நீண்ட காலம் வாங்காமல் விட்டார். 2012 நவம்பரில் கதைக்குள்ளேயே வானிலிருந்து ஒன்றை விழுத்தி அந்தப் பழைய உலகத்தை அழித்தார்கள். 2013 ஓகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். இன்று அது உலகின் பெரிய ஒன்லைன் கேம்களில் ஒன்று. ஆனால் பொறுமைக்காரர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது, கட்டணம் நிறுத்தப்பட்ட பகுதியை மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, "சும்மா தந்ததுதானே!" பப்ஜி மொபைலும் பிரீ பயரும் இறக்கக் காசில்லை என்பது மெய். ஆனால் பழுதைத் திருத்தும் அப்டேட் எவருடைய டேட்டாவில் இறங்குகிறது? கொம்பனி செய்த பிழையைத் திருத்த, நற்பிட்டிமுனையில் ஒரு வாப்பா ரீலோட் போடுகிறார். இதை இலவசம் என்று அழைப்பதற்குப் பொருளியலில் இடமில்லை.

6. பிக்ஹு நோக்கு

வாங்கிய பொருளில் குறை கண்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் 'கியாருல் ஐப்' எனப்படும். கேமுக்கு இது எப்படிப் பொருந்தும் என்ற தீர்ப்பு உலமாக்களுக்குரியது. இங்கே அதன் தருக்கம் மட்டும் எடுத்தாளப்படுகிறது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட ஹதீஸ் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். குறையுள்ளதைக் காட்டி விற்கலாம். மறைத்து விற்கக் கூடாது.

இந்த அளவுகோலில் இரண்டு வெளியீடுகளைப் பார்ப்போம். பப்ஜி 2017 மார்ச்சில் கணினிக்கு வந்தபோது, இன்னும் கட்டி முடியாத கேம் என்று சொல்லியே விற்கப்பட்டது. ஈரம் மேலேயே இருந்தது. தெரிந்து வாங்கியவர் பொறுப்பதுதான் நியாயம். அதே ஆண்டு டிசம்பரில் அது முழுமையடைந்ததாக அறிவித்தார்கள். பொறுமையின் கெடுவும் அன்றோடு முடிந்தது. பழுதுகள் முடியவில்லை. 2018 ஓகஸ்டில் பப்ஜியைத் திருத்துவோம் என்று கொம்பனியே ஓர் இயக்கம் தொடங்க வேண்டி வந்தது. மற்றது 2020 டிசம்பர் 10இல் வந்த 'சைபர்பங்க் 2077'. ஒன்லைன் கேம் அல்ல. ஆனால் பாடம் பெரிது. விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பை மட்டும் கொடுத்தார்கள். பழைய பிளேஸ்டேஷனில் அது தடுமாறுவது வாங்கியவர்களுக்குத்தான் தெரியவந்தது. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே இறக்கிக் காசைத் திருப்பிக் கொடுத்தது. ஈரம் குவியலுக்குள் இருந்தது.

மருதமுனையில் சாரம் வாங்குகிறவர் அதை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் காசை எடுப்பார். கேமை அப்படி விரித்துப் பார்க்க முடியாது. ஆடினால்தான் தெரியும். ஆகவே திருப்பிக் கொடுக்கும் உரிமை துணியை விடக் கேமுக்கே அதிகம் தேவை.

ஆனால் உரிமைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்த ஆய்வின் உயிர் அங்கேதான். 13ஆம் நூற்றாண்டில் இமாம் நவவி எழுதிய 'மின்ஹாஜ்' என்ற ஷாபிஈ சட்ட நூலின்படி, குறையை அறிந்ததும் தாமதியாமல் திருப்ப வேண்டும். தொழுதுகொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ இருந்தால் முடித்துவிட்டுப் போகலாம். இரவில் அறிந்தால் விடியும் வரை பொறுக்கலாம். அதற்கிடையில் பொருளைப் பாவிக்கக் கூடாது. வாங்கிய பிராணியில் குறை இருப்பதை அறிந்த பிறகும் அதன் முதுகில் சேணத்தை விட்டுவைத்தாலே உரிமை போய்விடும்.

2015 ஜூனில், கணினிக் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை ஒரு விதி கொண்டுவந்தது: வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசு திரும்பும். சேணம் கழற்றும் சட்டத்தைத்தான் அந்த அமெரிக்கக் கொம்பனி மணித்தியாலக் கணக்கில் எழுதியிருக்கிறது. இப்போது மதில் மேல் குந்தியிருக்கும் தகவலாளரிடம் திரும்புவோம். இஷாவுக்குப் பிறகு பழுதைக் கண்டார். ஏசினார். ஏசிக்கொண்டே சுபஹு பாங்கு வரை ஆடினார். இவருடைய சேணம் கழற்றப்படவே இல்லை. அதன் மேல் மெத்தையும் விரித்திருக்கிறார்.

7. ஒப்பீட்டு ஆய்வு: ஒலுவில்

திறந்த உடனே பழுது காட்டிய புது வெளியீடு நம் கரையிலும் ஒன்று உண்டு. டென்மார்க்கின் கடனுதவியில் 2008இல் தொடங்கி 2013 செப்டம்பர் 1இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம். கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அலைத்தடுப்பு மறித்தது. துறைமுக வாயில் மணலால் அடைபட்டது. படகுகள் உள்ளே வர முடியாமல் நின்றன. மணல் வந்து சேராத வடக்குக் கரையைக் கடல் தின்றது. தென்னைகளும் காணிகளும் போயின.

அந்த மக்களிடமும் ஸபூர் செய்யச் சொன்னார்கள். கேமுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான், ஆனால் அது முழு வேறுபாடு: துறைமுகத்தை அன்இன்ஸ்டால் பண்ண ஏலாது. கரையை இழந்தவர் திருப்பிக் கொடுக்கக் கடை இல்லை. அவர் கழற்றி வைக்கச் சேணமும் இல்லை. அவருடைய முறைப்பாட்டுக்குக் காலாவதியும் இல்லை. கேம் ஆடுகிறவருக்கோ வெளியேறும் பட்டன் எப்போதும் பெருவிரலுக்குக் கீழேயே இருக்கிறது.

8. விதந்துரைகள்

கொம்பனிகளுக்கு: ஈரத்தை மேலே வையுங்கள். கட்டி முடியவில்லை என்று சொன்னால் எங்கள் ஊரார் உங்களைவிடக் கூடுதலாகப் பொறுப்பார்கள். பழகியிருக்கிறார்கள்.

ஆடுகிறவர்களுக்கு: சொல்லி விற்ற பழுதைப் பொறுங்கள். சொல்லாமல் விற்றதைக் கண்ட இரவே நிறுத்துங்கள். விடிந்ததும் காசைக் கேளுங்கள். இரண்டும் ஏலாது, ஆட்டம்தான் வேண்டும் என்றால், ஆடுங்கள். ஏச்சை மட்டும் சேமித்து வையுங்கள். வெளியேறும் பட்டன் இல்லாத விடயங்கள் இக்கரையில் நிறைய உண்டு. ஏச்சு அங்கே தேவைப்படும்.

உம்மாமாருக்கு: உங்கள் நிலைப்பாட்டில் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.

9. முடிவுரை

பழுதைப் பொறுப்பதும் பொறுக்காததும் பழுதின் அளவைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. விற்றவர் என்ன சொன்னார், வாங்கியவர் கண்டதும் என்ன செய்தார் என்ற இரண்டு வினாக்களே போதும். இக்கட்டுரையும் ஒரு புது வெளியீடு என்பதால் பழுதுகள் இருக்கலாம். அவற்றை முதல் பந்தியிலேயே கண்டும் இந்த வரி வரை வாசித்து வந்தவர்களுக்கு, மேற்படி சட்டப்படி, திருப்பித் தரும் உரிமை கிடையாது.