எச்சில் கைத்தட்டல்

போன சனிக்கிழமை ராத்திரி சட்டையில் தெறித்த நாட்டுக்கோழிக் குழம்பு இன்னும் போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தாயிற்று. சலவை சோடா போட்டாயிற்று. வெயிலில் போட்டால் தானாகப் போய்விடும் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னதை நம்பி மூன்று நாள் மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டும் ஆயிற்று. மஞ்சள் மட்டும் போனது. மிளகாயும் எண்ணெயும் நான் இங்கேதான் இருப்பேன் என்கின்றன. தூர நின்று பார்த்தால் நெஞ்சில் அரூர் தாலுகா வரைபடத்தை மாட்டிக்கொண்டிருப்பது போலிருக்கிறது.

இத்தனைக்கும் காரணம் பாட்டு.

நாற்கரச் சாலையோரம் புதிதாக ஒரு ஓட்டல் வந்திருக்கிறது. பெயர் வேண்டாம், சொன்னால் அது விளம்பரம். வாசலில் மாட்டுவண்டிச் சக்கரம், கூரையில் லாந்தர், சுவரில் முறமும் சல்லடையும். எங்கள் வீட்டில் பரணில் போட்டதையெல்லாம் அவர்கள் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ‘சனி, ஞாயிறு லைவ் மியூசிக்’ என்று ஆளை விழுங்குகிற ஃப்ளெக்ஸ். லைவ் மியூசிக் என்றால் ஒரு தம்பி, ஒரு மைக், ஒரு லேப்டாப், ஆளுயரத்தில் இரண்டு ஸ்பீக்கர். தபேலா, வயலின், கோரஸ் பாடும் பெண்கள் எல்லாரும் லேப்டாப்புக்குள் இருக்கிறார்கள். மொத்தக் கச்சேரியில் உயிரோடு இருப்பது தம்பி ஒருவன்தான். அவனையும் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே பாடினான். சாப்பிடுகிறவன் காதுக்குள் வந்து நின்று பாடினான், அவ்வளவுதான்.

ஆர்டர் எடுக்க வந்த பையன் ஏதோ கேட்டான். நான் ஏதோ சொன்னேன். அவன் எதையோ எழுதிக்கொண்டு போனான். வந்தது ‘ராகி களி – நாட்டுக்கோழி காம்போ’. நான் கேட்டது பரோட்டா.

என் எரிச்சலை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டு மாதத்துக்கு முன்னால் பெங்களூரு கம்மனஹள்ளிப் பக்கம் ஓர் ஆப்பிரிக்க உணவகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அங்கேயும் சனிக்கிழமை, அங்கேயும் பாட்டு, அங்கேயும் எல்லாரும் கையால்தான் சாப்பிட்டார்கள். ஆனால் கைதட்டுகிற விஷயத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்றால்... இருங்கள். முதலில் களி.

கம்மனஹள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனவன் அக்கா மகன். ஐ.டி. கம்பெனிக்காரன். போகிற வழியெல்லாம் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தான். “மாமா, ஆப்பிரிக்கன் சாப்பாடு, கொஞ்சம் வித்தியாசமா இருக்கும், பாத்து பயந்துடாதீங்க.” உட்கார்ந்ததும் கை கழுவ ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வந்தது. பிறகு தட்டு வந்தது. தட்டில் வெள்ளையாக, வழவழவென்று, தேங்காய் அளவில் ஓர் உருண்டை. பக்கத்தில் குழம்பு. ஃபுஃபு என்றான். நான் ஒரு விள்ளலைக் கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் குழி அமுக்கி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் உள்ளே அனுப்பினேன். பக்கத்து மேஜையில் இருந்த நைஜீரியத் தம்பி என்னைப் பார்த்த பார்வையில் ‘இந்த ஆள் எங்க ஊரில் எந்தத் தெரு’ என்ற கேள்வி இருந்தது.

நைஜீரியாவில் இந்த வகைச் சாப்பாட்டுக்கு மொத்தமாக ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்: ஸ்வாலோ. அதாவது, முழுங்கு. என் பாட்டி வைத்த பெயரும் அதுதான். “மெல்லாதடா, முழுங்கு” என்று தலையில் தட்டித் தட்டி வளர்த்தாள். கென்யாவில் இதற்கு உகாலி என்று பெயர், அங்கேயும் நம் களித்துடுப்பு மாதிரி ஒரு மரக்கரண்டியால்தான் கிண்டுகிறார்கள். அக்கா மகனுக்கு இதெல்லாம் வித்தியாசமாக இருந்ததற்குக் காரணம் ஆப்பிரிக்கா இல்லை, அவன் அம்மா களி கிண்டுவதை நிறுத்திப் பதினைந்து வருஷமாகிறது.

ராகியே அங்கிருந்து வந்ததுதானாம். எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்களில் பயிராகி ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி வந்து, கடைசியில் பென்னாகரம் பாலக்கோடு என்று மானாவாரியில் குடியேறிவிட்டது. அதோடு நிற்கவில்லை. கம்பு ஆப்பிரிக்கா. சோளம் ஆப்பிரிக்கா. களிக்குக் கடைந்து ஊற்றிக்கொள்ளும் தட்டைப்பயறு ஆப்பிரிக்கா. வெயில் காலத்தில் பைபாஸில் குவித்து விற்கிற தர்பூசணி ஆப்பிரிக்கா. ஒகேனக்கலில் கேட்டு வாங்கித் தின்கிற ஜிலேபி மீன் ஆப்பிரிக்கா, அது 1952-இல்தான் இந்தியாவுக்கு வந்தது. புளியைக் கேட்கவே வேண்டாம். மரம் ஆப்பிரிக்காவுடையது, அரபிக்காரர்கள் அதற்கு ‘இந்தியப் பேரீச்சை’ என்று பெயர் வைத்தார்கள், வெள்ளைக்காரன் அதைச் சுருக்கி டாமரிண்ட் ஆக்கினான், சாலையை அகலப்படுத்தியவர்கள் வேரோடு பிடுங்கினார்கள். ஆக, தருமபுரி மாவட்டத்தில் ஆப்பிரிக்க உணவகம் உண்டா என்று யாராவது கேட்டால் எங்கள் அடுப்படியைக் காட்டுவேன். ஐம்பது வருஷமாக அங்கேதான் சாப்பிடுகிறேன். பில் வராததால் இது தெரியாமலே போய்விட்டது. அங்கே லைவ் மியூசிக்கும் உண்டு, களி கிண்டும்போது பாட்டி போடுகிற சத்தம்.

சரி, கைத்தட்டல்.

பாட்டு முடிந்ததும் கைதட்ட வேண்டும். கேட்டோமா இல்லையா என்பது கேள்வியே இல்லை. நீங்களும் தட்டியிருக்கிறீர்கள், மறைக்க வேண்டாம். பாடும்போது முழு நேரமும் “இன்னும் ரெண்டு ஆனியன் கேளு” என்று கத்திக்கொண்டிருந்துவிட்டு, முடிந்ததும் முதல் ஆளாகத் தட்டுகிறவர்கள்தான் நாம். ஆனால் களி தின்கிற கையால் எப்படித் தட்டுவது? எச்சில் கையால் காக்காய் ஓட்டாத பரம்பரை என்று என்னைச் சொந்தக்காரர்கள் ஜாடையாகச் சொல்வதுண்டு. காக்காய்க்கே வராத கை பாட்டுக்காரனுக்கு எப்படி வரும்?

அன்றைக்கு நாற்கரச் சாலை ஓட்டலில் சுற்றும்முற்றும் பார்த்தேன். ஒவ்வொருவரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மூலையில் இருந்த பெரியவர் வலது கையைத் தட்டின் மேல் தொங்கவிட்டு இடது கையால் தொடையில் அறைந்தார். வேட்டி கட்டியிருந்ததால் நல்ல சத்தம், பேண்ட்டில் இது வராது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் மணிக்கட்டோடு மணிக்கட்டை இடித்தார், விலங்கு போட்டுக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிற ஆள் போல. ஒருவர் மேஜையைத் தட்டினார், எவர்சில்வர் டம்ளர் எம்பிக் குதித்து ரசம் தரைக்குப் போனது. இன்னொருவர் வலது புறங்கையில் இடது கையால் தட்டினார். இதில் ஓர் ஆபத்து உண்டு: தட்டத் தட்ட விரல் நுனியில் இருக்கிற குழம்பு முன்னோக்கிப் பயணப்படும், எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் நமக்குக் கடன் தந்தவராக இருக்கக் கூடாது. ஸ்பூனில் சாப்பிடுகிறவர்கள் தனி ஜாதி. அவர்கள் பாட்டு முடிவதற்கு முன்னாலேயே இரண்டு கையையும் விரித்துத் தட்டி நம்மை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

பாட்டு தெரிந்தவர்களுக்கு இன்னொரு வசதி. இளையராஜா பாட்டென்றால் எந்த இடத்தில் முடியும் என்பது நமக்கு மனப்பாடம். இரண்டாவது சரணம் ஆரம்பிக்கும்போதே சுண்டுவிரலில் தொடங்கி நக்கிக்கொண்டே வந்தால் கடைசிப் பல்லவிக்குக் கட்டைவிரல் சுத்தமாகிவிடும். ஆனால் அதற்குள் களி ஆறிப்போகும். ஆறிய களி விரலிடுக்கில் பிடித்தால் பூச்சு வேலைதான், நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். போதாக்குறைக்குத் தம்பி நாம் எதிர்பார்க்காத இடத்தில் பல்லவியை இன்னொரு தடவை எடுப்பான். நக்கிய கையோடு, தட்டவும் முடியாமல் தின்னவும் முடியாமல், அந்தரத்தில் கையை வைத்துக்கொண்டு ஆசீர்வாதம் பண்ணுகிறவர் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் உயர்ந்தது நான்காம் நம்பர் மேஜையில் இருந்த புருஷன் பெண்டாட்டி கண்டுபிடித்த முறை. எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அவர் இடது கையை நீட்டினார், அந்தம்மா தன் இடது கையை நீட்டினார், இரண்டையும் சேர்த்துத் தட்டினார்கள். பட், பட், பட். இரண்டு வலது கையும் குழம்பிலேயே இருந்தது. கல்யாணத்தில் வலது கையைப் பிடித்துக் கொடுத்தார்கள், இடது கை சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. என் வீட்டுக்காரியைப் பார்த்தேன். “பேசாம சாப்பிடுங்க” என்றாள்.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் இந்தச் சங்கடமே கிடையாது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து ராத்திரி தொடங்கி விடியவிடிய நடக்கும். யாரும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்வதில்லை, மடியில் வறுத்த வேர்க்கடலை இருந்தால் உண்டு. பிடித்திருந்தால் எழுந்துபோய் அர்ச்சுனன் மார்பில் பத்து ரூபாய் நோட்டைக் குத்திவிட வேண்டியது. கட்டியங்காரன் சண்டையை நிறுத்திவிட்டு, கொடுத்தவர் பேர், அப்பா பேர், ஊர் எல்லாம் சொல்லிப் புகழ்ந்துவிட்டு மறுபடி சண்டையை விட்ட இடத்தில் தொடங்குவான். கம்மனஹள்ளியிலும் இதைப் பார்த்தேன். ஒருத்தர் என் நாற்காலியை இடித்துக்கொண்டு போய்ப் பாடுகிறவர் நெற்றி வேர்வையில் நோட்டை ஒட்டினார். நைஜீரியாவில் கல்யாணம் காட்சி என்றால் இது இல்லாமல் இருக்காதாம். ஆனால் அந்த ஊர் மத்திய வங்கிச் சட்டம் 2007-இலிருந்து இது குற்றம் என்கிறது, நோட்டை அவமதிக்கிறதாம். 2024-இல் ஒருவருக்கு இதற்காக ஆறு மாதம் சிறையும் கிடைத்தது. அந்தச் சட்டம் நம் ஊருக்கு வந்தால் கோயில் திருவிழா கமிட்டி மொத்தமும் சேலம் ஜெயிலில்தான்.

நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் ஃபேலா குட்டி என்று ஒரு பாட்டுக்காரர் இருந்தார், 1997-இல் காலமானார். ஆப்பிரிக்கா ஷ்ரைன் என்று சொந்தமாக ஒரு கிளப் வைத்திருந்தார். ஒரு பாட்டு இருபது நிமிஷம், அரை மணி நேரம் போகுமாம். நடுவில் அரசாங்கத்தை வைது, கூட்டத்தைக் கேலி செய்து, மறுபடி பாட்டுக்கு வருவாராம். பிள்ளைகள் 2000-இல் அதைப் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். நான் அதில் கவனித்தது ஒன்றுதான்: அரை மணி நேரப் பாட்டு என்றால் ஒரு சாப்பாட்டுக்கு ஒரு கைத்தட்டல். நிம்மதியாகத் தின்று, கை கழுவி, துடைத்து, வந்து தட்டலாம். நம் தம்பிக்கு நாலு நிமிஷத்துக்கு ஒரு பாட்டு. ஒரு களி உருண்டைக்கு ஏழு கைத்தட்டல்.

கம்மனஹள்ளியில் பாட்டு முடிந்ததும் அவர்கள் எப்படிக் கைதட்டினார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன். உண்மையைச் சொன்னால், நான் பார்க்கவில்லை. பாட்டு முடியும் நேரம் வந்தாலே பாடுகிறவர் கண்ணில் படாமலிருக்கத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிற பழக்கம் எனக்கு. நீங்களும் அப்படித்தான். சத்தம் கேட்டது, பலத்த சத்தம். எந்தக் கையும் எந்தக் கையும் சேர்ந்தது என்று தெரியாது. அக்கா மகன் செல்லில் படம் பிடித்திருக்கிறான். “அனுப்பறேன் மாமா” என்று இரண்டு மாதமாகச் சொல்கிறான். வந்ததும் சொல்கிறேன்.

இங்கேயும் குனிந்துதான் இருந்தேன். இருந்தும் மாட்டிக்கொண்டேன். தம்பி மேடையை விட்டு இறங்கி, ஒயர் இல்லாத மைக்கோடு மேஜை மேஜையாக வர ஆரம்பித்தான். நான்காம் நம்பரில் அந்த இடது கைத் தம்பதிக்கு வாழ்த்துச் சொன்னான். நான் அவசரப்பட்டேன். மீதிக் களியைச் சீக்கிரம் முடித்துவிட்டால் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடலாம் என்று, இரண்டு விள்ளலை ஒன்றாகச் சேர்த்து உருட்டி உள்ளே போட்டேன். போட்டதும் மோவாய்க்குக் கீழே மைக் வந்து நின்றது.

“சார், உங்க மனசுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு சொல்லுங்க சார்!”

கூடமே திரும்பிப் பார்க்கிறது. வாயில் இருப்பது களி. மெல்லக் கூடாது, துப்ப முடியாது. பாட்டி சொன்ன வழி ஒன்றுதான் பாக்கி. முழுங்கினேன். தம்பி எக்கோவை வேறு கூட்டி வைத்திருந்தான். ஆளுயர ஸ்பீக்கர் இரண்டிலும், மாட்டுவண்டிச் சக்கரம் வரைக்கும், களுக்... களுக்... களுக்... என்று போய் அடங்கியது.

ஒரு நொடி நிசப்தம். பிறகு அந்த ராத்திரி முழுக்க தம்பிக்குக் கிடைக்காத கைத்தட்டல். தொடையில், மேஜையில், புறங்கையில், மணிக்கட்டில், நான்காம் நம்பரில் இடது கையோடு இடது கை. எல்லாரும் தட்டுகிறார்களே என்று, பழக்க தோஷம், நானும் இரண்டு கையையும் தூக்கிப் பலமாகத் தட்டினேன். வலது கையில் குழம்பு இருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.