தாடைத் தழும்பு விசாரம்

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறைகளில், கடைந்து மெருகேற்றி எண்ணெய் தடவி வைத்த பம்பு ஷாஃப்ட் ஒன்றை, நுனியில் ஏதோ ஒரு சில்லறை வேலை பாக்கியென்று மறுபடியும் சக்கில் ஏற்ற நேர்கிற முகூர்த்தத்தில் எழும் மகா பிரச்னையை நம் சாஸ்திரகாரர்கள் ஏனோ விசாரிக்காமலே விட்டுவிட்டார்கள். அக்குறையை இயன்றமட்டும் நிவர்த்திப்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

முதலில் லக்ஷணம். மூன்று தாடைச் சக்கின் கடினப்படுத்திய எஃகுத் தாடை மென்மையான உலோகத்தை இறுகப் பற்றிய இடத்தில் குழியும், குழியைச் சூழ மிக மெல்லிய மேடும் தோன்றுவதே தழும்பு எனப்படும். இவ்விரண்டில் மேடே கொடியது; கண்ணுக்குத் தப்பினாலும் நகத்தால் வருடினால் தட்டுப்படும்; பேரிங்கைப் பாதி வழியில் மறித்து நிறுத்தும்.

'எமரித் தாளால் நாலு தேய் தேய்த்தால் போகாதோ?' என்பது பூர்வபக்ஷம். 25 மில்லிமீட்டர் ஷாஃப்டில் பேரிங் இறுக்கமாக உட்காரும் இடம் 25.002-க்குக் குறையாமலும் 25.015-க்கு மிகாமலும் இருக்கவேண்டுமென்று வரைபடம் விதித்திருக்க, அந்தப் பதின்மூன்று மைக்ரானுக்குள் எமரியின் தாராள மனப்பான்மைக்கு இடமேது என்று கேட்டு அதனை நிராகரிக்கிறோம்.

சித்தாந்திகளுள் தொன்மையானவர்கள் தகட்டு மதத்தினர். தாடைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே செம்புத் தகட்டையோ, அது கிட்டாதபோது குளிர்பான டப்பாவைக் கத்தரித்த அலுமினியத்தையோ செருகுவது இவர்கள் அனுஷ்டானம். எளிது, சிக்கனம், ஆயினும் 0.1 மில்லிமீட்டர் தகடு ஒரு தாடைக்கடியில் மட்டும் இரட்டையாக மடிந்துவிட்டால் டயலின் முள் ஏறக்குறைய 0.13 அளவுக்கு ஊசலாடும். தகட்டின்கீழ் ஒரு துளி பிசிறு தங்கினாலோ, தகட்டையும் மீறி அது தன் முத்திரையைப் பதித்துவிடும். சக் சாவியில் இரும்புக் குழாயைச் செருகி நெம்பும் பையன்களைப் பற்றி இங்கே பேசுவதற்கில்லை. அவர்கள் எம்மதத்துக்கும் புறம்பானவர்கள்.

மென்தாடை மதம் இதனினும் சூக்ஷ்மமானது. கடினப்படுத்தாத தாடைகளைப் பூட்டி, அவற்றினிடையே ஒரு வளையத்தைக் கவ்வவைத்து, இறுக்கிய நிலையிலேயே வேலையின் விட்டத்துக்குச் சரியாகக் குடைந்துகொண்டால், அரைவட்டத் தொட்டிலில் கிடப்பதுபோல் ஷாஃப்ட் அமர்ந்து, பற்றும் பலம் கோட்டிலே குவியாமல் பரப்பிலே பரவிவிடுகிறது. குடைவு சிறுத்துவிட்டால் மட்டும் தாடையின் இரு விளிம்புகளும் கடிக்கத் தொடங்கி, மதத்தையே பொய்யாக்கும். காலெட் என்னும் பிளந்த குழல்பிடியைக் கொண்டாடும் கோஷ்டியும் பரப்பையே உபாசிப்பது. ஒவ்வொரு விட்டத்துக்கும் ஒரு காலெட் வேண்டும் என்ற செலவுதான் அதன் பரவலைத் தடுத்தது.

எஞ்சியிருப்பது கண்ணுக்குப் புலனாகாத தழும்பு. மெல்லிய சுவருடைய புஷ்ஷைத் தகடு வைத்தே, ஆனால் சற்றுத் தாராளமாக இறுக்கி, உள்துளையைக் குடைகிறோம் என்க. சக்கில் இருக்கும்வரை துளை பரிபூரண வட்டம். தாடை தளர்ந்த கணத்தில் சுவர் பழைய நிலைக்குத் திரும்ப, துளை மூன்று முகம் கொள்கிறது. மேற்புறத்தில் ஒரு கீறலுமில்லை. எதிரெதிராக இரண்டு இடத்தில் மட்டும் தொட்டு அளக்கும் உள்மைக்ரோமீட்டரோ, எந்தத் திசையில் திருப்பினாலும் ஏறத்தாழ ஒரே அளவைக் கூறிப் பொய்ச்சாட்சி சொல்லும். ஷாஃப்டை உள்ளே நுழைத்துப் பார்க்கும்போது அது நுழையாமல் நின்றுவிடுகிறது, பட்டறைக்காரரோ அளவுக் கருவியைத் தட்டிப் பார்க்கிறார்.