முடிவு தெரிந்த படத்துக்கு முன்பதிவு

சிங்கப்பூர்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"பார்த்த படத்தை மறுபடியும் காசு கொடுத்துப் பார்க்க இவனுங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று உளுந்தூர்பேட்டையிலிருந்து போனில் கேட்டீர்கள். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பீர்கள்; என் வாதம் எலி கீச்சிட்டதுபோல முடிந்துவிடும். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. வரும் வெள்ளிக்கிழமை, 22-ஆம் தேதி, விஜயகாந்தின் 'கேப்டன் பிரபாகரன்' 4கே தரத்தில் மறுபடி வருகிறது. 1991 சித்திரைப் புத்தாண்டுக்கு வந்த படத்துக்கு 34-ஆவது ஆண்டு என்பது வெள்ளி விழாவும் இல்லை, பொன் விழாவும் இல்லை. 25-ஆம் தேதி விஜயகாந்த் பிறந்தநாள் என்பதுதான் உண்மையான கணக்கு. கணக்கு எப்படியிருந்தாலும் காத்திருப்பவர்கள் வேலையற்றவர்கள் இல்லை என்பதே என் கட்சி. அவர்கள் செய்வது நம் பக்கத்தில் பல தலைமுறையாக நடக்கிற காரியம்.

உங்கள் முதல் கேள்வி, கதை தெரியுமே, டிவியில் நூறு தடவை போட்டானே, யூடியூபில் சும்மா கிடக்கிறதே என்பது. இந்தக் கேள்வியைத் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் எவராவது கேட்டதுண்டா? விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கடலூர் என்று நம் நாலு மாவட்டத்திலும் பாரதம் வைக்கிற ஊர்களில் துரியோதனன் பிழைப்பானா என்று பார்க்க யாரும் விடிய விடிய உட்காருவதில்லை. படுகளத்தன்று மண்ணைக் குழைத்து அவனைத் தெரு நீளத்துக்கு மல்லாக்கப் படுக்கவைத்து, மீசை எழுதி, தொடையில் சிவப்பு நீரை ஒளித்துவைத்து, வேஷம் கட்டிய பீமன் கதாயுதத்தோடு சுற்றிச் சுற்றி ஓடுவான். எங்கே அடிப்பான் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். அடி விழுந்து சிவப்பு தெறித்து, பாஞ்சாலி கூந்தலை முடிக்கிற வரைக்கும் கூட்டம் நகராது. உளுந்தூர்பேட்டை வட்டத்துக்குள்ளேயே இருக்கிற கூவாகத்தில் சித்திரைதோறும் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அவன் களப்பலி ஆனதும் தாலியறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைப் புடவை கட்டி அழுகிறார்கள். போன வருஷமும் இறந்தவன்தானே என்று யாரும் வராமல் இருந்ததில்லை. முடிவு தெரிந்திருப்பது குறை என்றால் இந்த மண்ணில் ஒரு திருவிழாவும் நடக்காது. இன்னதென்று தெரிந்த ஒன்று, சொன்ன நேரத்தில், எல்லோர் கண் முன்னாலும், பிசகாமல் நடக்க வேண்டும் என்பதுதான் அந்தக் காத்திருப்பு. வீரபத்திரனாக மன்சூர் அலிகான் திரையில் நுழையும் இடத்துக்கும் அதே கணக்குதான். எப்போது விசில் அடிக்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் விசிலை ஒழுங்காக அடிப்பான்.

இது ஏதோ நம் பட்டிக்காட்டு வழக்கம் என்று நினைக்காதீர்கள். இந்த வானளாவிய ஊரிலும் உண்டு. வரும் 23-ஆம் தேதி சீனர்களின் ஏழாம் மாதம் பிறக்கிறது. அந்த மாதம் முழுக்க ஆவிகள் பூமிக்கு விடுமுறையில் வரும் என்பது நம்பிக்கை. அடுக்குமாடிகளுக்குக் கீழே காகிதப் பணத்தை எரிப்பார்கள். திடலில் மேடை போட்டு, கலர் விளக்கு கட்டி, 'கெத்தாய்' என்று பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். முன்வரிசை நாற்காலிகளில் யாரும் உட்காரக் கூடாது, அவை ஆவிகளுக்கு. செத்தவர்களுக்கும் முன்பதிவு செய்து வைக்கிற நாடு, சித்தப்பா! பாடப்படுவதில் பாதி பழைய பாட்டு. அதெல்லாம் யூடியூபில் இருக்கிறதே என்று எந்த ஆவியும் பாதியில் எழுந்து போனதாகச் செய்தி இல்லை.

இங்கிருக்கும் நம் ஆட்கள் மறுவெளியீட்டுக்கு ஏன் இத்தனை ஏங்குகிறார்கள் என்பதற்கு இங்கத்துத் தியேட்டரே காரணம் சொல்லும். நூலகத்தில் திரை கட்டிவிட்டது போல இருக்கும். நாற்காலி எண் மாறி உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உங்களை எழுப்புவார். காகிதத்தைக் கிழித்துத் தூவினால் அது கொண்டாட்டம் இல்லை, குப்பை போட்ட குற்றம், அபராதம் உண்டு. சூடம் கொளுத்தினால் தீயணைப்பு அலாரம் ஊரைக் கூட்டும். சூயிங்கம் விற்பதையே 1992-இல் தடை செய்த அரசாங்கத்திடம் கட்அவுட்டுக்குப் பால் ஊற்ற அனுமதி கேட்டால், அந்த விண்ணப்பத்தை எந்தத் துறைக்கு அனுப்புவது என்று அவர்களே குழம்பிப் போவார்கள். ஒழுங்கை நான் குறை சொல்லவில்லை. ரயில் வர வேண்டிய நேரத்துக்கு வருகிறது, லிஃப்ட் நாறுவதில்லை. ஆனால் படத்தைத் தனித்தனியாகப் பார்த்துவிட்டுத் தனித்தனியாக வீட்டுக்குப் போவதற்கு ஒரு போன் போதும். போனில் படம் முழுதாக இருக்கிறது, கூட்டம் இல்லை. மறுவெளியீட்டில் விற்பது அந்தக் கூட்டம்தான். படம் அதற்குச் சாக்கு.

கதையும் கூட்டமும் அதேதான் என்றால் பார்ப்பதும் அதேதானே என்று இழுப்பீர்கள். அங்கேதான் விஷயம். படம் மாறாமல் நின்றால்தான் காலம் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். ஆர்.கே. செல்வமணி இந்தப் படத்தை எடுத்தபோது சத்தியமங்கலக் காட்டு வீரப்பன் அன்றாடச் செய்தி. படத்தில் வீரபத்திரனைப் பிடிக்கப் போகும் வன அதிகாரி சரத்குமார் கொல்லப்படுகிறார். படம் வந்து ஏழு மாதத்தில், 1991 நவம்பரில், நிஜமான வன அதிகாரி பி. சீனிவாஸ் வீரப்பன் கையால் கொல்லப்பட்டார். 2004 அக்டோபரில் வீரப்பன் செத்தான். 1991-இல் சினிமா என்று பார்த்த அந்த வன அதிகாரியின் சாவை இப்போது அப்படிப் பார்க்க முடியுமா? மரம் வெட்டுகிறவனுக்குப் பின்னால் பெரிய நாற்காலியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று படம் சொன்னது அன்றைக்கு வசனம். இன்றைக்குக் கல்வராயன் மலையிலிருந்து செம்மரம் வெட்டக் கூலிக்குப் போய் ஆந்திரச் சிறையில் கிடந்தவர்களின் வீட்டு ஆட்கள் அதே வசனத்தைக் கேட்டால், கைதட்டுவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிப்பார்கள். ஒரு சட்டகம்கூட மாறவில்லை, பார்ப்பவன் மாறிவிட்டான். 'கர்ண'னுக்கும் இதுதான் நடந்தது. 1964 பொங்கலுக்கு பி.ஆர். பந்துலு பெரும் செலவில் எடுத்து வெளியிட்டபோது, போட்ட பணத்துக்கு ஏற்ற வசூல் இல்லை. அதே பொங்கலுக்கு எம்ஜிஆரின் 'வேட்டைக்காரன்' எதிரே நின்றது. 2012 மார்ச்சில் சுத்தம் செய்து மறுபடி விட்டபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. முதல் தீர்ப்பை மேல்முறையீட்டில் மாற்றியது, சிவாஜி உயிரோடு இல்லாத காலத்துக் கூட்டம்.

அதனால்தான் இந்த மாதம் 1-ஆம் தேதி நடந்த கூத்து எனக்கு எரிச்சல் மூட்டியது. (நல்ல கூத்தை அந்தச் சொல்லால் அவமதித்ததற்கு மன்னிக்கவும்.) தனுஷ் நடித்த 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவம் 'அம்பிகாபதி' மறுவெளியீடாக வந்தது, 2013-இல் செத்துப்போன கதாநாயகனை ஏஐ தொழில்நுட்பத்தால் கண் திறக்கவைத்து எழுப்பிவிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். படுகளத்தில் துரியோதனன் எழுந்து உட்கார்ந்து தொடையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் நம் ஊர் ஜனங்கள் பீமனை விட்டுவிட்டுக் கூத்து வாத்தியாரை அடிப்பார்கள். இதோடு 'ஷோலே'யைச் சேர்க்காதீர்கள். அங்கேயும் முடிவு மாறியது, ஆனால் எதிர்த் திசையில். நெருக்கடி நிலைக் காலத் தணிக்கையால், தாகூர் கப்பர் சிங்கைக் கொல்கிற முடிவை நீக்கிவிட்டு, போலீஸ் வந்து தடுப்பதாக மாற்ற வேண்டியிருந்தது. ஐம்பதாம் ஆண்டை ஒட்டி மீட்டெடுத்த படத்தை ஜூனில் இத்தாலியின் பொலோனா நகரில் திரையிட்டார்கள். ரமேஷ் சிப்பி எடுத்த அசல் முடிவு அதில் திரும்பியிருக்கிறது. எடுத்தவன் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது ஒன்று, யாருமே எடுக்காததை ஒட்டவைப்பது வேறொன்று. 4கே ஆக்குவதும் சத்தத்தைக் கூட்டுவதும் மாற்றம்தானே என்று கேட்கலாம். கூத்தில் பெட்ரோமாக்ஸ் போய் டியூப்லைட் வந்தது, மைக் வந்தது, துரியோதனன் பிழைத்துக்கொள்ளவில்லை. தூசி தட்டுகிற வரைக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இளையராஜாவின் பின்னணிக்கு மேல் எவனாவது புது டிரம்ஸ் அடித்தால் ஆட்சேபம் உண்டு.

தயாரிப்பாளர்களின் பேராசைதான் இதெல்லாம் என்ற உங்கள் குற்றச்சாட்டை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆசை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். தமிழின் முதல் பேசும்படம் 1931-இல் வந்த 'காளிதாஸ்'. அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. பழைய நெகட்டிவ் அறையில் கிடந்து புளித்த வாடை அடித்து உதிரும். சும்மா கிடப்பதைக் காக்க யாரும் கரண்ட் பில் கட்டமாட்டார்கள். மறுபடி காசு வரும் என்ற நப்பாசைதான் இன்றைக்கு அந்தச் சுருள்களைத் தேட வைக்கிறது. சின்னப் படங்களின் திரையைப் பழைய படம் பிடுங்கிக்கொள்கிறது என்பது இதைவிட நியாயமான புகார்; இதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் உண்டு. 2024 ஏப்ரல் 19 தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு, மறுநாள் 'கில்லி' இருபதாம் ஆண்டு மறுவெளியீடு. தேர்தல் நேரத்தில் பெரிய புதுப் படம் இல்லாமல் காய்ந்து கிடந்த தியேட்டர்களுக்கு அது மழை. இப்போது மூன்று நாளாக 'கூலி' ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னப் படத்தின் காட்சியைத் தின்பது பெரிய புதுப் படமா, பழைய படமா என்று தியேட்டர்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் வாரத்துக்கு ஒரு பழைய படம் என்று வரிசை கட்டினால் ஏப்பம் வரும். ஓடாத படத்தைக்கூட 'கல்ட்' என்று சொல்லி இறக்குகிற வேலை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது.

கடைசியாக, நடிகனைக் கும்பிட்டுக் கும்பிட்டே நாடு கெட்டது என்கிறீர்கள். அதை மற்ற ஊர்க்காரர் சொல்லலாம். உளுந்தூர்பேட்டைக்காரர் சொல்லக் கூடாது. 2011-இல் பக்கத்து ரிஷிவந்தியம் விஜயகாந்தை ஜெயிக்கவைத்து எதிர்க்கட்சித் தலைவராக அனுப்பியது. 2016-இல் அவர் முதல்வர் வேட்பாளராக நம் தொகுதிக்கே வந்து நின்றார். நாம் அவரை மூன்றாம் இடத்தில் உட்காரவைத்தோம். விசில் அடித்த விரலில்தான் மையும் வைத்தார்கள். இரண்டு வேலையையும் அந்த விரல் குழப்பிக்கொள்ளவில்லை. 2023 டிசம்பரில் அவர் இறந்தபோது சென்னையில் திரண்ட கூட்டத்தில், அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். ரஜினியின் நூறாவது படம் 'ஸ்ரீ ராகவேந்திரர்', கமலின் நூறாவது படம் 'ராஜபார்வை'. இரண்டும் வசூலில் சறுக்கின. நூறாவது படமான 'கேப்டன் பிரபாகர'னைக் கொண்டாட்டமாக ஓடவைத்து 'கேப்டன்' பட்டத்தையும் சம்பாதித்தவர் விஜயகாந்த். அதற்குரிய மரியாதையைத் தியேட்டரில் கொடுக்கிறார்கள், சட்டமன்றத்தில் கேட்டதைக் கொடுக்கவில்லை. இவ்வளவு கறாரான ஜனங்களை ஏமாளிகள் என்று எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை டிக்கெட்டுக்கு உங்கள் போனுக்குப் பணம் போட்டுவிட்டேன். சித்தியையும் அழைத்துப் போங்கள். திரையை மொபைலில் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டாம். அது திருட்டு, அதோடு உங்கள் கை நடுக்கத்தில் சரத்குமார் யார், நம்பியார் யார் என்று தெரியாது. ரம்யா கிருஷ்ணன் ஆடுகிற அந்தச் சுவர்ணலதா பாட்டு வரும்போது முன்வரிசைப் பையன்கள் எழுந்து நின்று மறைப்பார்கள். உட்காரச் சொல்லிக் கத்திப் பிரயோசனம் இல்லை, நீங்களும் எழுந்து நின்றுவிடுங்கள். அதற்கு முன்னால் மூட்டுக்கு அந்தத் தைலத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்