மஞ்சள் தடவியாச்சு, அடுத்து?

உறையூருக்குக் கோழி என்றே ஒரு பழம்பெயர் உண்டு. கோழியூர் என்றும் சொல்வார்கள். ஒரு கோழி யானையோடு மோதி அதைப் புறமுதுகு காட்ட வைத்ததாம். அதைப் பார்த்து அசந்துபோன சோழ ராஜா அங்கேயே தலைநகரை வைத்துக்கொண்டானாம். அந்த ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்து கோழி வளர்ப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: எங்கள் வீட்டுக் கோழிகள் அந்த வம்சம் இல்லை. இவற்றுக்கு யானையெல்லாம் தேவையில்லை, ஒரு கீரி போதும்.

மரநாய் என்றால் இரவில் வரும். கூட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டால் தீர்ந்தது. கீரி பகல் ஷிப்ட். காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அதுவும் வேலைக்குக் கிளம்பி, வேலியோரமாக வந்தது. காவலுக்குச் சேவல் இருந்தான். வானத்திலிருந்து பருந்து வந்தால் ஒரு குரல், தரையில் எதிரி வந்தால் வேறு குரல் என்று சேவல்களுக்குத் தனித்தனி எச்சரிக்கை இருப்பதை ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் சேவல் மதில் மேல் ஏறி நின்று, தரை எதிரிக்கு உரிய குரலையே கொடுத்தான். உச்சரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இறங்கித்தான் வரவில்லை.

மாட்டிக்கொண்டது எங்கள் கோழி செவலை. நான் துடைப்பத்தோடு ஓடியபோது கீரியின் வாயில் ஒரு கொத்து வால் இறகுதான் இருந்தது. பயந்துபோன பறவை பிடிபட்ட இடத்து இறகைக் கழற்றி விட்டுவிடுமாம். கடன்காரன் கையில் துண்டை விட்டுவிட்டு ஓடுகிற மாதிரி. இருந்தாலும் முதுகில் ஒரு கிழிசல், இறக்கைக்கு அடியில் இரண்டு பல் குறி. கீரியை நான் ஒன்றும் செய்ய முடியாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதன் பக்கம் இருக்கிறது. அது போதாதென்று எதிர்வீட்டு மாமா, "காலையில கீரியப் பாத்தா நல்ல சகுனம் தம்பி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். செவலையும் அதே காலையில் அதே கீரியைத்தான் பார்த்தாள்.

வெந்நீரை ஆற வைத்து, உப்புப் போட்டுக் காயத்தைக் கழுவினேன். சுற்றியிருந்த இறகைக் கத்தரித்தேன். அம்மா மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்து நன்றாகவே தடவினாள். தடவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே, "மஞ்சள் தடவியாச்சு. மிளகு சீரகத்தையும் அரைச்சிரவா?" என்றாள். வைத்தியமும் குழம்பும் எங்கள் வீட்டில் ஒரே அஞ்சறைப்பெட்டியிலிருந்து கிளம்புவதால் இந்தச் சந்தேகம் நியாயமானதுதான். என் மகள் செவலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அடிபட்ட கோழியை மற்ற கோழிகளோடு விடக்கூடாது. ரத்தச் சிவப்பைக் கண்டால் உடன்பிறந்ததே கொத்தித் தின்னும். ஆகவே டிவி வந்த அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை விரித்து, என் மேசைக்கு அடியில் படுக்கை போட்டோம். இருட்டும் வெதுவெதுப்பும்தான் முதல் மருந்து. ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்காமல் போனவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. எதிர்வீட்டு மாமா செவலையின் இறக்கைக்கு அடியில் கைவைத்துப் பார்த்து, "அடேயப்பா, ஜுரம் கொதிக்குது. அரை மாத்திரை குடுங்க" என்றார். கோழிக்கு இயல்பான உடம்புச்சூடே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நம் கணக்கில் 106 டிகிரி ஜுரம். நமக்கு அந்தச் சூடு வந்தால் ஐசியூ. கோழி அந்தச் சூட்டில்தான் புழு தேடுகிறது. இன்னொருவர் பாலாடையில் தண்ணீரை ஊற்றி வாயைப் பிளக்கச் சொன்னார். கோழிக்கு மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்து கிடக்கும். ஊற்றினால் நேரே நுரையீரலுக்குத்தான். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைக்க வேண்டும், அதுவாக விழுங்கும். கீரி கொல்லாமல் விட்ட கோழிகளில் அனுதாபம் கொன்றவை நிறைய இருக்கும்.

கால்நடை மருந்தகத்தில் எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடு, ஒரு கன்றுக்குட்டி, ஸ்வெட்டர் போட்ட ஒரு பொமரேனியன். பொமரேனியனின் சொந்தக்காரம்மா என் கட்டைப்பையை எட்டிப் பார்த்துவிட்டு, "வெட்டி வாங்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார். டாக்டர் நிதானமானவர். காயத்தில் ஈ உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள், நம்ம வெயிலுக்கு ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்றார். நெஞ்சுச் சதையில் ஊசி போட்டார். மருந்து நின்று அவர் சொல்லும்வரை கறியும் ஆகாது, முட்டையும் ஆகாது என்று கடைசியாகச் சொன்னார். அம்மாவிடம் வந்து இதைச் சொன்னபோது, கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போன முகத்தோடு, "ஊசி போட்ட கோழியா? அப்ப சரி" என்று அம்மியை நிமிர்த்தி வைத்துவிட்டாள்.

அதோடு செவலை குழம்புக் கணக்கிலிருந்து குடும்பக் கணக்குக்கு மாறினாள். இறகு என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். புதிதாக முளைக்கப் புரதம் வேண்டும். நான் தினமும் முட்டை அவித்து, உதிர்த்து ஊட்டினேன். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப பாலும் ரஸ்க்கும்தானேங்க?" என்றாள் மனைவி. கோபமாகக் கேட்கவில்லை, விவரம்தான் கேட்டாள். அதனால்தான் பதில் வரவில்லை.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. சின்ன வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்த தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பெ என்ற நார்வேக்காரர் 1921-இல் இதை எழுதிவைத்தார். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அவருக்கு இன்னொரு அத்தியாயம் கிடைத்திருக்கும். அம்மா மனைவியைச் சொல்வாள், மனைவி மகளைச் சொல்வாள், மூவரும் என்னைச் சொல்வார்கள். இப்போது மகளுக்கும் எனக்கும் நடுவில் செவலை. அவள் தூங்கும்போது நான் போனில் பேசக்கூடாது, ஃபேனைக் கூட்டி வைக்கக்கூடாது. தேறத் தேற, மேசைக்கடியில் என் கால்விரலைக் கொத்தவும் ஆரம்பித்தாள்.

ஆனால் வெளியே அவள் இடம் போய்விட்டது. கொத்தும் வரிசையில் கருப்பி என்ற கோழிக்கு அடுத்தபடியாக இருந்தவள். நாள்பட விலகியிருந்தால் திரும்பி வரும் கோழி புதுக்கோழிதான். அடியிலிருந்து ஏற வேண்டும். முதலில் பஞ்சாரத்துக்குள் விட்டு எல்லோரும் பார்க்கும்படி வைத்தோம். பிறகு ஒரு ராத்திரி, மற்றவை அடைந்த பிறகு சத்தமில்லாமல் கொண்டுபோய் நடுவில் உட்கார வைத்தேன். விடியும்போது ராத்திரியிலிருந்தே கூட இருந்தவள்தானே என்று விட்டுவிடும் என்பது கணக்கு. கருப்பி ஏமாறவில்லை. மண்டையில் இரண்டு போட்டாள். செவலை தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கிக் குருணை பொறுக்கினாள்.

சேவலுக்குத்தான் அடையாளமே தெரியவில்லை. யாரோ புது வரவு என்று ஒரு சிறகைத் தரையில் படும்படி தாழ்த்தி, அவளைச் சுற்றி அரைவட்டம் போட்டு ஆடினான். செவலை அவன் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கொண்டையிலேயே ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் அலறிக்கொண்டு அதே மதில் மேல் ஏறினான்.

திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, இவனுக்கு ஊசி எதுவும் போடலைல்ல?"