ரெண்டாவது மிதியில் இருக்கிறது

வண்டியில் பிரேக்கே இல்லையாம். சொன்னது என் மச்சினன். அண்டா குண்டானை மண்டபத்தில் இறக்கிவிட்டு வா என்று வண்டியைக் கொடுத்தால், போன வேகத்தில் திரும்பி வந்து, சாவியைத் திண்ணையில் வீசிவிட்டு, "அத்தான், இதெல்லாம் ஒரு வண்டியா? பிரேக்கே கிடையாது. மோர்ப்பந்தல் மேல ஏத்தத் தெரிஞ்சேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறான்.

பிரேக் இல்லாமல் என்ன? இருக்கிறது. ரெண்டாவது மிதியில் இருக்கிறது.

முதல் மிதியில் பெடல் தரை வரைக்கும் போகும். காலை எடுத்து உடனே இன்னொரு மிதி மிதித்தால் கும்மென்று நிற்கும். இதைச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன். அவன் காதில் எதையோ செருகிக்கொண்டு தலையை ஆட்டினான். தம்பிக்கு ஒன்று என்றதும் வீட்டுக்காரியும் சேர்ந்துகொண்டாள். "நாளைக்கே மெக்கானிக்கிட்ட விடுங்க. இல்லன்னா அந்த வண்டியில அண்டாவும் ஏறக்கூடாது, நானும் ஏறமாட்டேன்." தென்காசியில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறவனுக்கு இதில் முதல் பாதியே போதுமான மிரட்டல்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொருளோடு பழகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இதுவரை எதுவும் கெட்டுப்போனதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு டெக்னிக் இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான், மறைக்க வேண்டாம்.

முன்கதவைத் தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்து, அப்புறம்தான் தாழ்ப்பாள். குளியலறைக் குழாயை முழுக்க மூடினால் சொட்டும். மூடிவிட்டுக் கால் சுற்று திறக்க வேண்டும். மிக்சி மூடியை உள்ளங்கையால் அமுக்கி, ஜாரை லேசாக இடப்பக்கம் சாய்த்தால்தான் தேங்காய் அரைபடும். வலப்பக்கம் சாய்த்தால் சுவரில் சட்னி. ஹால் ஃபேனை நேராக மூன்றில் வைத்தால் முனகும். ஐந்துக்குக் கொண்டுபோய், சூடு பிடித்ததும் மூன்றுக்கு இறக்க வேண்டும். ரிமோட்டுக்குப் பின்பக்கம் ரெண்டு தட்டு. சத்தத்தைக் குறைக்க மட்டும் மூன்று. போன் சார்ஜருக்கு அடியில் தீப்பெட்டி முட்டுக்கொடுக்க வேண்டும், அதுவும் பாதி காலியான தீப்பெட்டி. கிணற்று மோட்டாருக்கு சுவிட்சைப் போட்டுவிட்டு ஓடிப்போய், பின்னால் இருக்கிற விசிறியை வேப்பங்குச்சியால் ஒரு சுழற்று சுழற்றினால் அது பாட்டுக்கு ஓடும். கண்டென்சர் போய்விட்டது என்கிறார்கள். குச்சி இருக்கிறதே!

ஊரிலிருந்து பெரியப்பா வந்தபோது குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார். நான் வெளியே நின்றுகொண்டு, "கதவைத் தூக்குங்க பெரியப்பா. தூக்கினீங்களா? இப்ப உங்க பக்கம் இழுங்க. இழுத்துட்டு, கொக்கியை மேல தள்ளாம கீழ தள்ளுங்க" என்று பாடம் எடுத்தேன். உள்ளேயிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அப்பா கண்மூடும் முன்பு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஏதோ நிலபுலன் விவரம் என்று குனிந்தேன். "பீரோ சாவியை முழுசா உள்ள விடாதே. ஒரு நூல் வெளிய இழுத்துட்டுத் திருப்பு" என்றார். இதுதான் நான் பெற்ற சொத்து. பூட்டை மாற்றினால் சொத்து போய்விடும்.

வண்டியும் இந்தக் குடும்பத்தில் ஒரு ஆள்தானே? டிரைவர் பக்கக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டுத் திறக்க வேண்டும். ஸ்டீயரிங் இடப்பக்கம் திரும்பினால்தான் ஹாரன் அடிக்கும். அதனால் வலப்பக்கம் திரும்பும்போது நானே வாயால் கத்திவிடுவேன். டீசல் முள் பாதியில் நின்றால் டேங்க் காலி என்று அர்த்தம். எட்டு வயதைத் தாண்டிய வாடகை வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும்; அன்றைக்கு நானே ஓட்டிக்கொண்டு போவேன். ரெண்டு மிதியும் ஒன்றாகவே தெரியும். இத்தனை வித்தையும் கைவந்த டிரைவர் தம்பி இந்த வண்டியை விட்டு வேறெங்கும் வேலைக்குப் போக முடியாது. அந்த லாபம் வேறு.

எங்கே விட்டேன்? மெக்கானிக்.

அவர் பெடலை மிதித்து, காலை அப்படியே வைத்திருந்தார். பெடல் மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. "மாஸ்டர் போயிருச்சு அண்ணாச்சி."

"ஆயில் ஒரு சொட்டுக் குறையலையே?"

"எப்படிக் குறையும்? வெளிய ஒழுகினாத்தானே. உள்ளுக்குள்ளயே வாஷரைத் தாண்டித் திரும்பிப் போயிருது."

பூஸ்டரின் மூக்கில் மாட்டியிருக்கிற இரும்புக் குழல்தான் மாஸ்டர் சிலிண்டர். தலையில் ஆயில் டப்பா. உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக ரெண்டு பிஸ்டன், அவற்றுக்கு ரப்பர் வாஷர்கள். மூடிய குழாய்க்குள் திரவத்தை ஓரிடத்தில் அமுக்கினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போகும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் சொல்லிவிட்டார். அதை வைத்து வண்டியை நிறுத்தலாம் என்று, ஆகாய விமானம் செய்துகொண்டிருந்த மால்கம் லாக்ஹீட் 1917இல் காப்புரிமை வாங்கினார். 1921இல் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் அந்த பிரேக்கோடு வந்தது. ஒரு பக்கம் போனாலும் மறுபக்கமாவது பிடிக்கட்டும் என்று 1960களின் கடைசியில் அமெரிக்காக்காரன் ரெட்டை பிரேக்குக்குச் சட்டமே போட்டான். இத்தனை பேரும் ஒரே ஒரு மிதிக்குத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ரெண்டாவது மிதி நம் சரக்கு. தேய்ந்த வாஷர், பந்தி வாசலில் நிற்கிற தாய்மாமன் மாதிரி: மெதுவாகப் போனால் வழிவிட்டுவிடும், முண்டியடித்தால் விறைத்துக்கொள்ளும். படபடவென்று மிதித்தால் பிரேக் பிடிப்பதற்கு அதுதான் காரணமாம்.

காரணம் தெரிந்துவிட்டதே, அப்படியே ஓட்டலாமா என்று கேட்டேன். மெக்கானிக் டப்பா மூடியைத் திறந்து காட்டினார். ஆயில் கறுத்துக் கிடந்தது. "எப்ப மாத்தினீங்க?" மாற்றுவதா? அது வண்டியோடு வந்த ஆயில் அல்லவா! பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்குமாம். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு லோடோடு இறங்கும்போது, மிதித்து மிதித்து பிரேக் சூடேறி, ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. "அப்ப ரெண்டாவது மிதியிலயும் இருக்காது, இருபதாவது மிதியிலயும் இருக்காது" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெளியே காட்டிக்கொள்ளாமல், "நாங்க செகண்ட் கியர்லதான் இறங்குவோம்" என்றேன்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே, கிட் போட்டால் போதுமா, முழு அசெம்ப்ளியையும் மாற்றவேண்டுமா என்ற கேள்விக்கு ஒரு முடிவு சொல்லத்தான். இது ஊருக்கு உபயோகமான விஷயம். கிட் என்றால் வாஷரும் ஸ்பிரிங்கும் மட்டும், விலை கொஞ்சம். ஆனால் குழலுக்குள் துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் புது வாஷரையும் அது தின்றுவிடும். ஆகவே முடிவு என்னவென்றால்... அதற்கு முன்னால் அந்த ஸ்பேர் கடைக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

"ஒரிஜினலா, ஒரிஜினல் மாதிரியா, லோக்கலா?" என்றார்.

"ஒரிஜினலுக்கும் ஒரிஜினல் மாதிரிக்கும் என்ன வித்தியாசம்?"

"விலை."

"லோக்கலுக்கு?"

"அதை வாங்கினா இங்க திரும்ப வராதீங்க."

திரும்ப வராமல் இருக்க வழி இருக்கிறது என்றதும் எனக்கு ஒரு சபலம் தட்டியது. வீட்டுக்காரி முகம் ஞாபகம் வந்து, ஒரிஜினலையே வாங்கினேன். அந்தப் பணத்துக்கு இருபது நாற்காலி வாங்கிப் போட்டிருக்கலாம். நாற்காலி வாடகை சம்பாதிக்கும். மாஸ்டர் சிலிண்டர் என்ன சம்பாதிக்கும்?

கழற்றுவது சுலபம் என்றார்கள். பூஸ்டரில் ரெண்டு நட்டு, பைப் நட்டு ரெண்டு, முடிந்தது. பைப் நட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. உதவிக்கு நின்ற பையன் சாதா ஸ்பானரைப் போட்டு முனைகளை மழுங்கடித்தான். அப்புறம் வைஸ் கிரிப், அப்புறம் சுத்தியல், அப்புறம் மெக்கானிக்கின் கை பையன் முதுகில். இந்த ரகளையில் பழைய ஆயில் மட்கார்டில் சிந்தியது. பிரேக் ஆயில் பெயிண்டை உரிக்கும் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அங்கே 'முருகன் துணை' என்று மஞ்சளில் எழுதியிருந்தது. துடைத்து முடிப்பதற்குள் 'துணை' போய்விட்டது. மெக்கானிக் அசரவில்லை. "அதான் பிரேக் வந்துருச்சே அண்ணாச்சி, இனி எதுக்கு?"

ஏர் எடுக்க என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள். தூரத்துச் சக்கரத்திலிருந்து வரவேண்டுமாம். முதலில் பின்பக்கம் இடது. கீழேயிருந்து "மிதி... பிடி... விடு" என்று குரல் வரும், நான் மிதித்து, பிடித்து, விட வேண்டும். அவர் திருகை மூடுவதற்குள் நான் விட்டுவிட்டால் வெளியே போன காற்று உள்ளே வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. முதலாளி என்ற மரியாதையெல்லாம் "மிதிங்க"வில் தொடங்கி "மிதி"யாகி, மூன்றாவது சக்கரத்தில் "மிதிலே" என்று ஆகிவிட்டது.

இப்போது முதல் மிதியிலேயே நிற்கிறது. யாருக்குச் சந்தோஷம்? மறுநாளே டிரைவர் தம்பி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பழக்கத்தில் படாரென்று மிதித்திருக்கிறான். வண்டி நின்றுவிட்டது, அண்டாக்கள் நிற்கவில்லை. கேபினுக்குப் பின்னால் மோதிய சத்தத்தில், வெடி போட்டுவிட்டார்கள் என்று நினைத்து பெண்வீட்டார் மாப்பிள்ளை அழைப்புக்கு வெளியே வந்துவிட்டார்களாம். "இந்த பிரேக் சரியில்லை அண்ணாச்சி. முன்ன மாதிரி வச்சுத் தரச் சொல்லுங்க" என்கிறான். நெளிந்த அண்டாவுக்கு வாடகையும் வராது.

போகட்டும், பழைய மாஸ்டரையாவது இரும்புக்குப் போடலாம் என்று மெக்கானிக்கிடம் போய்க் கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்தார்.

"அது இல்லையே அண்ணாச்சி. கிட் போட்டு ஒரு பால் வண்டிக்கு மாட்டிட்டேன். ஜம்முனு பிடிக்குது."