காற்றை உண்டு கல்லாகும் கசடு

கேள்வி: கரியமில வாயுவைக் குடித்துக் கல் இறுகுகிறதாமே! வாயு கல்லாவது எங்கேனும் உண்டா?

பதில்: உங்கள் பாட்டியாரின் வெற்றிலைப் பெட்டியிலேயே உண்டு. மூட மறந்த சுண்ணாம்பு டப்பியில் நாலு நாளில் ஓர் ஏடு படர்ந்து, காரம் போய், நாவில் மணலாய் நெருடுகிறதே, அது காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பற்றிக்கொண்ட சுண்ணாம்பு மீண்டும் கல்லின் தன்மை அடைந்ததன் விளைவேயாகும். சூளையில் 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல் 44 கிலோ கரியமில வாயுவைப் பறிகொடுத்து 56 கிலோ சுண்ணாம்பாகிறது. பறிகொடுத்ததையே அது பின்னர் திரும்பப் பெறுகிறது என்ற உண்மையை ஸ்காட்லாந்து ரசாயன சாஸ்திரி ஜோசப் பிளாக் 1756-லேயே விளக்கிவிட்டார்.

கேள்வி: இதில் உருக்காலைக் கசடுக்கு என்ன வேலை?

பதில்: உலோகத்தின் அழுக்கைப் பிரிக்க உலையிலிட்ட சுண்ணாம்பு, மணற்சத்தோடு கூடி உறைந்த எச்சமே கசடு. துருப்பிடிக்காத உருக்கின் கசடு ஆறும்போது, அதிலுள்ள கால்சியம் சிலிகேட்டு உருமாறி உப்புவதால், கட்டியாய் நிற்கமாட்டாமல் தானே பொடிந்து தூளாகிவிடுகிறது. அந்தத் தூளோ தண்ணீரோடு சேர்ந்து இறுகுவதும் அபூர்வம். சிமெண்டின் தொழிலுக்கு உதவாதென ஒதுக்கப்பட்ட அதே தூளை அளவாய் ஈரமாக்கி, அச்சில் அழுத்தி, கரியமில வாயு நிறைந்த அறையில் அடைத்து வைத்தால், காற்றில் 10,000-க்கு 4 பங்கே உள்ள வாயுவை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திராமல், ஒரே நாளில் கல்லாகிவிடுகிறது. ஈரம் குறைந்தால் ரசாயனம் நிகழாது; மிகுந்தால் நுண்துளைகள் அடைபட்டு வாயு உள்ளே புகாது. பக்குவம் முழுவதும் அந்த ஈரத்தில்தான். கனடாவின் மக்கில் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கார்பிகிரீட் நிறுவனம் சிமெண்டே சேர்க்காமல், உருக்குக் கசடைக் கொண்டே இவ்விதம் கட்டடக் கற்கள் செய்கிறது. நீர் கைவிட்டதை வாயு கரையேற்றும் இவ்விந்தையை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு அலுப்பதில்லை.

கேள்வி: உள்ளே போன வாயு பின்னாளில் வெளியேறிவிடாதா?

பதில்: கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டாலோ அமிலத்தில் கரைத்தாலோ அன்றி வெளியேறாது.

கேள்வி: இதைக்கொண்டு மாடி வீடு கட்டலாமா?

பதில்: சுவருக்கும் நடைபாதைக்கும் தாராளமாய்ப் பயன்படும். கம்பி வைத்த தூணுக்கும் உத்தரத்துக்கும் மட்டும் நிதானம் வேண்டும். ஏனெனில் கான்கிரீட்டின் காரத்தன்மையே கம்பியைத் துருவினின்று காக்கும் கவசம், கரியமில வாயுவோ அக்காரத்தைக் குறைத்துவிடும்.

கேள்வி: அப்படியானால் சிமெண்டுக்கு விடைகொடுத்துவிடலாமா?

பதில்: முடியாது. உலகம் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் சிமெண்டு உற்பத்தி செய்கிறது. கிடைக்கும் உருக்குக் கசடோ அதில் ஒரு சிறு பகுதியே. ஆயினும் கசடு குவியும் முற்றமும் வாயுவை உமிழும் புகைபோக்கியும் ஒரே மதிலுக்குள் இருக்கும் ஆலைகள் உண்டு. கல் வார்க்கும் வேலையை முதலில் அங்கே தொடங்குங்கள் என்பேன்.