முன்னோர் கொள்கையும் பின்னோர் கொள்கையும்: பொம்மிடிக் கல்யாண மேடையில் எல்இடி வால் ஆளுகை

சேலம் – ஜோலார்பேட்டை ரயில் பாதையில், சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ளது பொம்மிடி. இவ்வூர்க் கல்யாண மேடைகளில் எழும்பும் எல்இடி வாலை ஆளும் மென்பொருள் பற்றித் தமிழில் முறையான உரைநூல் ஒன்றும் இல்லை. ஆய்வாளர்கள் முகூர்த்தம் முடியுமுன்பே பந்திக்குப் போய்விடுவது காரணமாகலாம்.

முதலில் கருப்பொருள். அரை மீட்டர் சதுரப் பெட்டிக்குக் கேபினட் என்று பெயர். பி3.91 வகையில் ஒரு பெட்டிக்கு 16,384 புள்ளிகள். ஏழு பெட்டி அகலம், ஐந்து பெட்டி உயரம் என்றால் 5,73,440 புள்ளிகள். ஒரு நெட்வொர்க் கேபிள் சுமார் ஆறரை லட்சம் புள்ளிகளைத் தாங்கும் என்பதால், மணமக்கள் இருவரும் ஒற்றைக் கேபிளில் அடங்குவர். நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பெற்றனர். அந்த நீலம் மட்டும் இல்லையென்றால் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி திரையில் மஞ்சளாகியிருக்கும்.

இனி மென்பொருள். சீனத்துச் சியான் நகரில் 2008-இல் தொடங்கிய நோவாஸ்டாரின் நோவாஎல்சிடி இத்துறையில் பரவலானது. அதன் உள்மண்டபம் கடவுச்சொல் கேட்கும். சொல், 'அட்மின்'. குரு சீடனின் காதில் ஓத வேண்டிய இம்மறைபொருளை, நாதஸ்வரமும் ஜெனரேட்டரும் சேர்ந்து ஒலிப்பதால் மேடை முழுதும் கேட்கும்படி கத்தித்தான் உபதேசிக்கிறார்கள்.

உள்ளே போனால் கட்டம் கட்டமாக ஒரு வரைபடம். எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்குக் கேபிள் போகிறது என்று மவுஸால் கோடு இழுக்க வேண்டும். சிக்கலின் வேர் இங்கேதான். வரைபடம் திரையை முன்னாலிருந்து காட்டுகிறது. கேபிள் சொருகும் பையனோ பின்னால் நிற்கிறான். இதனால் இத்துறை முன்னோர், பின்னோர் என இரு கட்சிகளாகப் பிரிந்தது. முன்னோர் கட்சியின் தலைவர் வழக்கமாகப் பெண்ணின் தாய்மாமன்.

"தம்பி, மாப்பிள்ளை தலை சோத்தாங்கைப் பக்கம் போயிடுச்சு பாரு!"

"யாரு சோத்தாங்கைங்கண்ணா?"

பையனின் கேள்வியைப் பலர் திமிர் என்று கொண்டனர். அது பொருந்தாது; இத்துறையின் மூல வினாவே அதுதான். பின்னாலிருந்து இடம் வலமாக எண்ணி இணைத்தவனுக்கு ஏழு பத்திகளும் எதிர்வரிசையில் வரும். ஆனால் நான்காம் பத்தி எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நான்காம் பத்தியே. ஆகவே மணமக்கள் இருவரும் துண்டுதுண்டாகச் சிதறிய நிலையிலும், நடுவே புகுந்து மொய்க் கவர் கொடுப்பவர் மட்டும் முழுசாகத் தெரிவார். ஒற்றைப்படையில் பெட்டி அடுக்குவதற்கு இதைவிட வலுவான நியாயம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து இரு பொத்தான்கள். ஒன்று அமைப்பை அனுப்பும், மற்றொன்று சேமிக்கும். அனுப்பியதுமே படம் சரியாகிவிடும், மாமாவும் சமாதானமாகிவிடுவார். அதோடு நிறுத்துபவர்களே பெரும்பான்மையினர். சேமிக்காத அமைப்புக்கு ஆயுள் மின்சாரம் இருக்கும் வரைதான். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த அரை நிமிடம் போதும், போன வாரம் கடத்தூர்த் திருவிழாவுக்குச் சேமித்த அடுக்கு பொம்மிடி மணமக்கள்மேல் வந்து இறங்கும். இதை மறுபிறவிக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். எனக்கு உடன்பாடில்லை, ஒரு பொத்தானை அழுத்தாததற்குக் கர்மவினை வரை போக வேண்டியதில்லை.

பெட்டிகளின் முதுகில் சாக்பீஸால் எண் எழுதலாம் என்பது ஒரு தீர்வு. அந்த எண்களையும் பையன் எந்தப் பக்கமிருந்து தொடங்கி எழுதினான் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தாய்மாமனைத் திரைக்குப் பின்னால் கேபிளோடு நிறுத்தி, பையனை முன்வரிசையில் உட்காரவைப்பது இன்னொன்று. ஆவணியில் செய்து பார்க்கத் திட்டம். பையன் தயார், மாமா பட்டு வேட்டி அழுக்காகும் என்கிறார்.